திறப்பு விழாவுக்குக் காத்திருந்த கணினிகள்

1

எங்கள் அலுவலகத்தின் உள்செய்திப் பக்கத்தைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணிடமிருந்து போன வாரம் ஒரு மின்னஞ்சல் வந்தது. இந்தியாவில் நாம் கணினிகள் கொடுத்து ஒரு வருடம் ஆகிறதே, அந்தப் பெண்களின் வாழ்க்கை எப்படி மாறியிருக்கிறது என்று நாலு வரி எழுதித் தர முடியுமா என்று கேட்டிருந்தாள். சிரித்த முகமாக ஒரு புகைப்படமும் வேண்டுமாம். பின்னால் அந்த மலை தெரிந்தால் இன்னும் நல்லதாம். மலையைப் பற்றிக் கவலை இல்லை. திருவண்ணாமலையில் எந்தப் பக்கம் திரும்பிப் படம் எடுத்தாலும் அது வந்து நின்றுவிடும். சிரித்த முகத்துக்குத்தான் நான் எங்கே போவேன்?

எழுதலாம் என்று உட்கார்ந்து பார்த்தேன். பதினாறு வருடம் இந்த நாட்டில் குப்பை கொட்டியும், நாசூக்காகப் பொய் சொல்லும் அளவுக்கு எனக்கு ஜெர்மன் மொழி வசப்படவில்லை. உண்மையைச் சொல்லலாம் என்றால் முதல் வரியிலேயே சிக்கிக்கொள்கிறேன். 'கொடுத்தவர் கையால் திறக்க வேண்டும்' என்பதை இவர்களுக்கு எப்படிச் சொல்வது? ஆகவே அவளுக்கு எழுத வேண்டியதை உங்களுக்கு எழுதுகிறேன். உங்களுக்குப் பாதி சொன்னால் போதும்.

2

ஷாஹிதா என்னோடு கல்லூரியில் படித்தவள். அவர்கள் குடும்பம் தலைமுறை தலைமுறையாகத் திருவண்ணாமலையில் மளிகை மொத்த வியாபாரம் செய்கிறது. நான் கல்யாணம் ஆகி விமானம் ஏறினேன். அவள் அதே தெருவில் இருந்துகொண்டு, தாய்மாமாவின் கடைக்கு மேலே இருந்த அறையை வாடகையில்லாமல் கேட்டு வாங்கி, பெண்களுக்குக் கணினி வகுப்பு ஆரம்பித்தாள். படிப்பைப் பாதியில் விட்டவர்கள், அஞ்சல் வழியில் பட்டம் வாங்கி வைத்துக்கொண்டு அடுப்படியில் இருப்பவர்கள், இப்படிப் பதினைந்து பேர் வருகிறார்கள். அவர்களுக்கு இருந்தது இரண்டே கணினி. ஆளுக்குப் பதினைந்து நிமிடம். ஷாஹிதாவின் செல்போனில் அலாரம் அடித்தால் உட்கார்ந்திருப்பவள் எழுந்துவிட வேண்டும், அடுத்தவள் உட்காருவாள். பௌர்ணமியன்று வகுப்பு கிடையாது. பஸ்களை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிடுவார்கள் அல்லவா, அந்தக் கிரிவலக் கூட்டத்தில் நடந்து வந்து சேருவதற்குள் வகுப்பு முடிந்திருக்கும்.

ஒரு முறை வீடியோவில் பேசும்போது அவள் போனைத் திருப்பி வகுப்பைக் காட்டினாள். எல்லோரும் வெட்கப்பட்டு முந்தானையால் வாயை மூடிக்கொள்ள, ஒருத்தி மட்டும் திரும்பவே இல்லை. இரண்டு கை விரல்களையும் பார்த்துப் பார்த்து அழுத்திக்கொண்டிருந்தாள். "அவ கலைவாணி. கீழ்பென்னாத்தூர்லருந்து வர்றா. அவ நேரத்துல யார் கூப்ட்டாலும் திரும்ப மாட்டா" என்றாள் ஷாஹிதா.

கலைவாணியின் கதையும் அன்றைக்கே தெரிந்தது. கணவர் நெல் மூட்டை ஏற்றும்போது லாரியிலிருந்து விழுந்து முதுகில் அடிபட்டவர். இனி சுமை தூக்க முடியாது. இவள் மல்லாட்டை மில்லுக்குப் போகிறாள். நிலக்கடலையை அந்தப் பக்கம் மல்லாட்டை என்றுதான் சொல்வோம். பருவம் முடிந்தால் மில்லில் வேலை இல்லை. ஊரை ஒட்டிய வேங்கிக்காலில் ஓர் அலுவலகத்துக்கு ஒப்பந்த அடிப்படையில் தட்டச்சு செய்ய ஆள் எடுப்பார்கள் என்று சொல்லியிருந்தார்கள். அது கிடைத்தால் காலையில் பஸ் ஏறி மாலையில் வீடு திரும்பலாம். கிடைக்காவிட்டால் நாத்தனாரோடு திருப்பூருக்குப் போய்ப் பனியன் கம்பெனியில் சேர வேண்டும், ஒன்பது வயது மகளை மாமியாரிடம் விட்டுவிட்டு. அவள் விரல்களை விட்டுக் கண்ணை எடுக்காததற்குக் காரணம் இதுதான்.

எனக்குச் சும்மா இருக்க முடியவில்லை. நல்ல காரியம் செய்கிறோம் என்ற நினைப்பு வந்துவிட்டால் மனுஷிக்குத் தூக்கம் வராது.

3

நான் வேலை செய்வது தண்ணீர் மீட்டர் செய்யும் கம்பெனியில், கணக்குப் பிரிவில். பெங்களூரில் எங்களுக்கு ஒரு கிளை உண்டு. அங்கே நாலு வருடம் ஆன லேப்டாப்களை மாற்றுகிறார்கள், பழையதை எடைக்குப் போடப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் ஒரு விண்ணப்பம் எழுதினேன். லேப்டாப்கள் கடல் தாண்டவே இல்லை. அனுமதிதான் கடல் தாண்டிப் போய்வந்தது. ஒவ்வொரு மேசையிலும் ஒரு கேள்வி. வாங்கும் அமைப்பு பதிவு பெற்றதா? அறையில் தீயணைப்பான் உண்டா? ஷாஹிதாவின் மாமா தீயணைப்பான் ஒன்றை வாங்கி மாட்டி, அதன் பக்கத்தில் தானே நின்று படம் எடுத்து அனுப்பினார்.

கணினிப் பிரிவில் பீட்டர் என்று ஒருவர் இருந்தார். நல்ல மனிதர். பன்னிரண்டு லேப்டாப்களிலும் இருந்த தகவல்களைத் துடைக்கச் செய்தது அவர்தான். "ஏதாவது பிரச்சினை என்றால் என்னிடம் சொல்லுங்கள், ஒரு நிமிட வேலை" என்றார். ஆண்டுக் கடைசியில் அவர் ஓய்வு பெறுகிறார் என்பது எனக்குத் தெரியும். அவரை வழியனுப்பும் கேக்குக்குப் பணம் போட்டவளே நான்தான். ஆனால் ஆகஸ்டிலேயே லேப்டாப்கள் போய்ச் சேர்ந்துவிட்டதால் அதையும் இதையும் சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

பெங்களூரிலிருந்து வேன் வந்து இறங்கியதும் ஷாஹிதா படங்கள் அனுப்பினாள். பெட்டிகளுக்கு மேல் மல்லிகைச் சரம். அதற்குப் பக்கத்தில் பதினைந்து பெண்கள். அதை எங்கள் உள்செய்திப் பக்கத்தில் போட்டார்கள். லிஃப்டில் பார்த்தவர்களெல்லாம் எனக்குக் கை கொடுத்தார்கள். ஜனவரியில் ஊருக்கு வரும்போது நேரில் வந்து பார்க்கிறேன் என்று ஷாஹிதாவிடம் சொன்னேன்.

4

ஜனவரியில் நான் போகவில்லை.

பாஸ்போர்ட்டைப் புதுப்பித்தேன். புதுப்பித்த பாஸ்போர்ட்டுக்குத் தகுந்தாற்போல் இங்கே தங்கும் அனுமதி அட்டையையும் மாற்ற வேண்டும். அதற்கு நேரம் ஒதுக்கித் தரும் இணையதளத்தில் நேரமே இல்லை. ஒரு காலை நேராகவே போய் வரிசையில் நின்றேன். அட்டை கைக்கு வராமல் நாட்டை விட்டுப் போனால் திரும்பி உள்ளே விடுவார்களா என்று தன்னால் சொல்ல முடியாது என்றார் அந்த அதிகாரி அம்மாள். பதற்றத்தில் அவரை 'நீ' போட்டுப் பேசிவிட்டேன். ஜெர்மன் மொழியிலும் நம்மைப் போலவே நீ, நீங்கள் உண்டு. நம் ஊரில் ரேஷன் கடையில் புழுத்த அரிசி போட்டவரைக்கூட நான் ஒருமையில் பேசியதில்லை. இங்கே வந்து ஓர் அதிகாரியைப் போய் நீ என்றேன். அந்த அம்மாள் என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு அடுத்த எண்ணைக் கூப்பிட்டார்.

ஜனவரி சித்திரை ஆயிற்று, சித்திரை ஆனி ஆயிற்று. ஒவ்வொரு தடவையும் ஷாஹிதா "பரவால்ல உமா, நீ நிதானமா வா" என்றாள். அந்த வார்த்தையில் என்ன இருக்கிறது என்று எனக்கு அப்போது புரியவில்லை.

ஜூனில் ஒரு நாள் வீடியோவில் பேசிக்கொண்டிருந்தோம். அவளுக்குப் பின்னால் சுவரோரமாகப் பெட்டிகள் தெரிந்தன. பிளாஸ்டிக் போர்வை போட்டு, அதற்கு மேல் ஒரு துணிப் போர்வையும் போட்டு. அது என்ன என்று கேட்டேன். நான் கொடுத்த கம்ப்யூட்டர்கள்தான் என்றாள். தூசி படாமல் வாரா வாரம் துடைக்கிறார்களாம்.

"இன்னும் பிரிக்கவே இல்லையா?"

"அது எப்டி உமா? கொடுத்தவ கையால தொறக்காம, நாங்களா எடுத்துத் தட்டிட்டு இருந்தா நல்லாவா இருக்கும்? வரேன்னு நீதான சொன்ன."

பேனர்கூட அடித்து வைத்திருந்தார்கள். என் கல்லூரிக் காலப் படத்தைப் பெரிதாக்கி, இரண்டு பக்கமும் வாழை மரம் போட்டு, 'புதிய கணினிகள் திறப்பு விழா' என்று எழுதி. பழசு என்று நான்தான் முதலிலேயே சொன்னேனே என்றதற்கு, பழசு என்று யாராவது பேனரில் போடுவார்களா என்று கேட்டாள். ரிப்பன் வாங்கியாயிற்று. மாமா பிரியாணிக்கு ஆள் சொல்லி, தேதி மட்டும் பிறகு சொல்கிறேன் என்று நிறுத்தி வைத்திருக்கிறார்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. பதினைந்து பேர் இரண்டு கணினிக்கு அலாரம் வைத்து அடித்துக்கொள்ளும் அதே அறையில் பன்னிரண்டு சும்மா உட்கார்ந்திருக்கிறது, அதுவும் என் பெயரால். உனக்குமா அறிவில்லை ஷாஹிதா என்று கேட்டுவிட்டேன். அவள் குரலை உயர்த்தவில்லை.

"மாமா மட்டும் சொல்லல, நானும்தான் வேணும்னு நினைச்சேன். இவங்க வீட்ல எல்லாம் இத டைம்பாஸுனு நினைக்கறாங்க. விழான்னு ஒண்ணு வச்சா மாமியாருங்க வருவாங்க, வீட்டுக்காரங்க வருவாங்க. ஜெர்மனிலருந்து ஒருத்தி வந்து இவங்களுக்காக நிக்கறத பாப்பாங்க. அப்புறம் கிளாஸுக்குப் போவாதன்னு யாரும் சொல்ல மாட்டாங்க. போன வருஷம் நாலு பேர் நின்னுட்டாங்க, தெரியுமா உனக்கு?"

தெரியாது. படத்தில் பதினைந்து பேர் இருந்தார்கள். அதில் நாலு முகம் புதுசு என்று எனக்கு எப்படித் தெரியும்?

மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள் என் மகள் இனியா. பதினான்கு வயது, இங்கேயே பிறந்தவள். தமிழ் புரியும், பேசினால் உடைந்து உடைந்து வரும். "ஏன் அவங்க சும்மா ஆன் பண்ணல?" என்று கேட்டாள். நான் விளக்கினேன். மரியாதை என்றேன், மாமா என்றேன், மாமியார்கள் என்றேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஜெர்மன் மொழியில் மறுபடி அதே கேள்வியைக் கேட்டாள். தமிழில் கேட்டது எனக்குப் புரியவில்லை என்று நினைத்துவிட்டாள் போல. பிறகு ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். இந்த வீட்டில் என் ஊரைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் முடிகிறது.

5

இப்போதே பிரி, என் மேல் ஆணை என்றேன். மறுநாள் பிரித்தார்கள். நான் இங்கிருந்து வீடியோவில் பார்த்துக்கொண்டிருக்க, ஷாஹிதாவின் மாமா மனசில்லாமல் ரிப்பனை வெட்டினார். பெண்கள் கை தட்டினார்கள். கலைவாணி முதல் இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்தாள். திரை ஒளிர்ந்தது. இணையத்தோடு சேர்ந்ததும் எங்கள் கம்பெனியின் சின்னம் வந்து நின்று, ஊழியர் எண்ணையும் கடவுச்சொல்லையும் கேட்டது.

பன்னிரண்டும் அதையே கேட்டன.

தகவலைத் துடைத்தார்களே தவிர, அதற்கும் அடியில் இருந்த கம்பெனிப் பூட்டை எடுக்க மறந்திருக்கிறார்கள். ஒவ்வொரு இயந்திரத்தையும் அதன் எண்ணைச் சொல்லி இங்கிருந்து விடுவிக்க வேண்டும். பீட்டர் சொன்ன அந்த ஒரு நிமிட வேலை இதுதான். பீட்டர் ஓய்வு பெற்றுவிட்டார். அவர் பிரிவையே கலைத்து வெளியாளிடம் ஒப்பந்தம் விட்டுவிட்டார்கள். பீட்டருக்கு போன் செய்தேன். தோட்டத்தில் இருந்தார். மிகவும் வருத்தப்பட்டார். அவருடைய அனுமதிகளைக் கடைசி நாளன்றே எடுத்துவிட்டார்களாம்.

புதிய உதவி எண்ணை அழைத்தேன். ஆங்கிலத்தில் பேசியவள் தமிழ்ப் பெண் என்று பெயரில் இருந்த 'ழ'விலேயே கண்டுபிடித்துவிட்டேன், யாழினி. சென்னையிலிருந்து பேசுகிறாள். ஜெர்மனியில் நான் இருக்கும் கட்டடத்தின் கணினிகளுக்குக் காவல் சென்னையில் இருக்கிறது. தமிழுக்கு மாறினோம். திருவண்ணாமலை என்றதும் அவள் குரலே மாறிவிட்டது.

"எங்க மாமியார் வீடு போளூர்தாங்க மேடம். அங்கருந்து பக்கம்தான். நேர்லகூட போய் பாத்துடுவேன். ஆனா போய் என்னங்க பண்றது? தானமா கொடுத்தாச்சுன்னு சொல்லி அந்த நம்பர எல்லாம் போன வருஷமே எடுத்துட்டாங்க. எங்க சிஸ்டத்தப் பொறுத்தவரைக்கும் அந்த மெஷினே கிடையாது. இல்லாத மெஷின நான் எப்டிங்க ரிலீஸ் பண்றது?"

இல்லாத இயந்திரத்துக்கு இருக்கிற பூட்டு. மேலிடத்துக்கு அனுப்பினாள். மேலிடம் இங்கே என் அலுவலகத்தின் மூன்றாம் மாடியில் இருந்தது. மூன்றாம் மாடியில் இருந்தவர், இது ஒப்பந்தக்காரரின் வேலை என்று சென்னைக்கே திருப்பி அனுப்பினார். நான் இரண்டாம் மாடியில் உட்கார்ந்துகொண்டு இரண்டு பக்கமும் எழுதினேன். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கவில்லை என்பார்கள். இங்கே சாமியும் பூசாரியும் ஒருவரையொருவர் கை காட்டிக்கொண்டிருந்தார்கள். திருவண்ணாமலையில் ஒரு கடைக்காரரிடம் ஷாஹிதா ஒன்றைத் தூக்கிக்கொண்டு போய்க் காட்டினாள். மதர்போர்டையே மாற்ற வேண்டும், அந்தக் காசுக்கு வேறு வாங்கிவிடலாம் என்று சொல்லிவிட்டார்.

இதற்கு நடுவில், வகுப்பில் ஓடிக்கொண்டிருந்த இரண்டு பழைய கணினிகளில் ஒன்று வெயில் தாங்காமல் படுத்துவிட்டது. புதிதாக ஒன்றிரண்டு வாங்க நான் பணம் அனுப்புகிறேன் என்றேன். வேண்டாம் என்றாள் ஷாஹிதா. பன்னிரண்டு சும்மா இருக்கும்போது இன்னும் எதற்கு வாங்கினாய் என்று மாமா கேட்பார், நீ கொடுத்ததை அவமானப்படுத்துவது போல ஆகிவிடும் என்றாள். என் மரியாதையைக் காப்பாற்ற அந்தப் பெண்கள் விலை கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அவள் கணக்குக்கு நான் பணம் போட்டேன். அவள் திருப்பிப் போட்டுவிட்டாள்.

வேங்கிக்கால் வேலைக்குத் தேர்வு அறிவித்துவிட்டார்கள். தமிழ் ஒரு பக்கம், ஆங்கிலம் ஒரு பக்கம், அரை மணி நேரம். மற்றவர்களின் நேரத்தையும் எடுத்துக்கொள் என்று ஷாஹிதா சொன்னதற்கு, அவர்களும் அடுப்பை அணைத்துவிட்டுத்தானே பஸ் ஏறி வருகிறார்கள் என்று கலைவாணி மறுத்துவிட்டாளாம். வீட்டில் ஓர் அட்டையில் கட்டம் கட்டி எழுத்துக்களை எழுதிவைத்து அதில் தட்டிப் பழகினாள். அட்டையில் தட்டினால் எது சரி, எது தப்பு என்று யார் சொல்வது?

அந்த நாட்களில் நான் அலுவலகத்தில் என் லேப்டாப்பைத் திறக்கும்போதெல்லாம் அந்தச் சின்னம் வரும். என் எண்ணைக் கேட்கும். நான் கொடுத்ததும் திறந்துகொள்ளும்.

6

முந்தாநாள் கலைவாணியே கூப்பிட்டாள். ஷாஹிதாவிடம் எண் வாங்கினாளாம். என்னோடு அவள் தனியாகப் பேசியது அதுதான் முதல் முறை. எனக்கு விஷயம் முன்பே தெரியும், பட்டியலில் அவள் பெயர் இல்லை என்று ஷாஹிதா சொல்லியிருந்தாள். மன்னிப்பு மாதிரி ஏதோ ஆரம்பித்தேன். அவள் அதைக் கேட்கவே இல்லை.

"அதெல்லாம் ஒண்ணும் இல்லக்கா. நல்லாதான் அடிச்சேன். ஸ்பீடு கம்மியா போச்சு, தப்பு ஜாஸ்தி ஆயிடுச்சு. ஆனா முழுசா அரை மணி நேரம் உக்காந்தேங்க. ஒருத்தரும் எழுந்திரின்னு சொல்லல."

சொல்லும்போது சிரித்தாள். அந்த அரை மணி நேரம் அவளுக்குப் பிடித்திருந்தது. லேப்டாப்களுக்காக இன்னும் எழுதிக்கொண்டுதான் இருக்கிறேன், எப்படியும் திறந்துவிடுவார்கள் என்றேன். "ஆங், தொறந்துடுவாங்க" என்று அவள்தான் எனக்குத் தைரியம் சொன்னாள். நாத்தனாரோடு வரும் ஞாயிற்றுக்கிழமை திருப்பூர் போகிறாளாம். இடம் சொல்லிவிட்டார்கள், தங்க விடுதி இருக்கிறது, பொங்கலுக்கு லீவு உண்டு.

அத்தோடு பேச்சு முடிந்தது, போனை வைத்துவிடுவாள் என்று நினைத்தேன். அவள் கூப்பிட்ட காரியமே அதற்குப் பிறகுதான் வந்தது.

"அக்கா, ஒண்ணு கேக்கலாமா? நீங்க வெளியூர்ல இருக்கறவங்க, உங்களுக்குதான் தெரியும். பாப்பாகிட்ட தினம் போன்ல பேசணுங்களா, இல்ல வாரத்துக்கு ஒருவாட்டி போதுங்களா? தினம் பேசனா தினம் அழுவும், பேசாம இருந்தா பழகிடும்னு இங்க சொல்றாங்க. எது நல்லதுங்க?"

அடுத்த அறையில் இனியா ஜெர்மன் மொழியில் யாருடனோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தாள். தினம் பேசு என்றேன். அழுதால் என்ன செய்வது என்று கேட்டாள். அழட்டும், வைத்துவிடாமல் கேட்டுக்கொண்டிரு என்றேன்.

"சரிங்க்கா, அப்டியே செய்றேன்" என்றாள், நான் கொடுப்பது வேலை செய்யும் என்று இன்னும் நம்புகிறவளைப் போல.